ஹாஸ்கெட் வெட்டாத காட்சி

அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிம்மா. இங்கிலீஷ்ல வேணாம், தமிழ்ல சொல்லு. "பரிசல்காரராக நடித்தவர் படப்பிடிப்பில் இறந்துபோனதால், அவருடைய கடைசிக் காட்சியை ஹாஸ்கெட் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டுத் தானே நீக்கிவிட்டார்." அதுதானே எழுதியிருக்கு? தானே. அந்த வார்த்தை இருக்கா இல்லையா? சரி, புத்தகத்தை மூடி வை.

பொய். அவன் நீக்கல, நான் நீக்கினேன். இதோ இந்தக் கையால. எழுபத்தாறு வயசாகுது, இன்னும் நடுங்கல பாரு. நாப்பத்தேழு வருஷமா நான் செஞ்சதைத் தன் பேர்ல போட்டுக்கிட்டு, நல்லவன்னு பேர் வாங்கி, செத்தும் போயிட்டான் அந்த ஆளு. இப்ப நீ லண்டன்லேருந்து வந்து அந்த வெள்ளைக்கார டைரக்டரைப் பத்தி ரெண்டாவது புத்தகம் எழுதப்போறே. அதுலயும் இந்தப் பொய் ஏறக் கூடாதுன்னுதான் உன்னை வரச் சொன்னேன். இல்லேன்னா அவன் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றவங்களை இந்தப் படி ஏற விடமாட்டேன். தண்ணி குடி. உன் தமிழ் நல்லா இருக்கு. யாழ்ப்பாணமா உங்க ஆளுங்க? சரி.

நான் நெகட்டிவ் கட்டிங். கோடம்பாக்கத்துல ஒரு லேப், பேர் வேணாம், இப்ப அந்த இடத்துல அடுக்குமாடி நிக்குது. பதினெட்டு வயசுல உள்ள போனேன். எடிட்டர் வேலை வேற, எங்க வேலை வேற. எடிட்டர் பாசிட்டிவ் பிரதியை வச்சுக்கிட்டு எத்தனை தடவை வேணாலும் வெட்டுவாரு, ஒட்டுவாரு. தப்பாப் போனா இன்னொரு பிரதி போட்டுக்கலாம். அவர் முடிச்சப்புறம், கேமராவுல ஓடின அசல் நெகட்டிவ் எங்க மேஜைக்கு வரும். ஃபிலிம் ஓரத்துல நம்பர் இருக்கும். அந்த நம்பரைப் பாத்து, அவர் வெட்டின இடத்துலயே நாங்க அசலை வெட்டணும். ஒரே தடவைதான். தப்பா வெட்டினா போச்சு, அது உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அந்த ரூம்ல நாங்க ஏழு பேரும் பொம்பளைங்க. பொம்பளைக்குத்தான் பொறுமை உண்டாம், அப்படிச் சொல்லி உக்கார வச்சாங்க.

அவனைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதைவிட எனக்கு அதிகமாத் தெரியும். சிரிக்காத. பேப்பர்ல அவன் பேர் வந்தா கத்தரிச்சு வச்சிருக்கேன். இங்கிலீஷ் பேப்பரை அடுத்த வீட்டு டீச்சரம்மாகிட்ட கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவன் முதல்ல இங்க வந்தது அறுபத்தாறுல. லண்டன் டெலிவிஷனுக்கு அணை கட்டுற கூலியாளுங்களைப் பத்தி டாக்குமெண்டரி எடுக்க வந்தான். அதுக்கு முன்னாடி அங்க ஸ்டுடியோவுல மத்தவங்களுக்கு டீ எடுத்துக் கொடுத்துக்கிட்டிருந்தவன்தான், அவனே பேட்டியில சொல்லியிருக்கான். எழுபத்தொண்ணுல திரும்பி வந்து அந்த ரயில் படம் எடுத்தான். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், பொண்டாட்டி விட்டுட்டுப் போயிடறா, அந்த ஆளு தினம் அதே ரயிலுக்குக் கொடி காட்டறார். அவ்வளவுதான் கதை. அதுக்கு ஐரோப்பாவுல எங்கயோ பரிசு கொடுத்தாங்க. மேதைன்னு எழுதினாங்க.

அந்த ரயில் படத்துக்கு நெகட்டிவ் வெட்டினது நான். பன்னெண்டு ரீல்ல ஒரு கீறல் கிடையாது. லேப்புக்கு வருவான். ஆறடிக்கு மேல உயரம், வெயில்ல காது ரெண்டும் செவந்து கிடக்கும், ஸ்பூன் போட்டுத் தயிர்ச்சாதம் சாப்பிடுவான். தமிழ்ல அவனுக்குத் தெரிஞ்சது ரெண்டே வார்த்தை. 'நல்லாயிருக்கு', 'இன்னொண்ணு'. அந்தக் காலத்துல எனக்கும் அவன்மேல மரியாதைதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். படம் பரிசு வாங்கின பிறகு லேப்புக்கு ஒரு கடுதாசி போட்டான். அதுல என் பேரும் இருந்துச்சு. ஸ்பெல்லிங் தப்பு.

பரிசு வாங்கினதும் லண்டன்ல ஒரு பெரிய கம்பெனி அவனைக் கூப்பிட்டு ராஜா ராணிப் படம் ஒண்ணு எடுக்க வச்சுது. கப்பல், குதிரை, நூறு பேருக்கு விக். படுத்துடுச்சு. ஃபிலிம் சொசைட்டியில போட்டாங்க, போய்ப் பாத்தேன். எனக்குப் பக்கத்துல ஒருத்தர் குறட்டை விட்டாரு. அதுக்கப்புறம் அங்க எவனும் அவனை நம்பல. அதனாலதான் எழுபத்தேழுல மறுபடி மெட்ராஸ். ஒரு தெலுங்கு புரொட்யூசரைப் பிடிச்சான். அந்தப் பரிசல் படம்.

எங்க வீட்டுக்காரர் பேர் தேசிங்கு. செஞ்சிப் பக்கம். ஸ்டண்ட் யூனியன்ல இருந்தாரு. ஹீரோவுக்கு டூப் போடுவாரு, மாடியிலேருந்து குதிப்பாரு, கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வருவாரு. டூப்னா முகம் தெரியக் கூடாது இல்ல? பத்து வருஷத்துல நாப்பது அம்பது படம் இருக்கும், ஒண்ணுலயும் அவர் முகம் கிடையாது. மத்தியானம் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு சைக்கிள்ல லேப்புக்கு வருவாரு. ஒருநாள் ஹாஸ்கெட் வாசல்ல நின்னு அவர் நடந்து வர்றதையே பாத்துக்கிட்டிருந்தான். யாருன்னு கேட்டான். என் வீட்டுக்காரர்னு நான்தான் சொன்னேன். நடையைப் பாத்தே வேஷம் கொடுத்துட்டான். முதல் தடவையா டூப் இல்ல, வேஷம். பரிசல்காரன். வசனம் கிடையாது, ஆனா படம் முழுக்க வருவாரு. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தரையில கால் படல அவருக்கு.

அந்தப் படத்துலயும் அவரை முழுக்க முதுகுப் பக்கத்துலேருந்துதான் எடுத்தான். பரிசல்ல ஏறுறவங்க முகம் தெரியும், தள்ளுறவன் முதுகுதான் தெரியும். அதுல ஏதோ அர்த்தமாம். நீ படிச்சவ, உனக்குப் புரியும்.

கடைசிக் காட்சி ஒகேனக்கல். கதைப்படி கதாநாயகிப் பொண்ணை அக்கரையில இறக்கி விட்டுட்டு, பரிசல்காரன் தனியா திரும்பிப் போறான். ஒரு டேக் எடுத்தாச்சு. நல்லாவே வந்துச்சு. அதோட விட்டிருக்கலாம். இன்னொண்ணு. அதுக்குள்ள மேல எங்கயோ தண்ணி திறந்து விட்டிருக்காங்க, யாருக்கும் தெரியல. ரெண்டாவது டேக் முடியறப்ப பரிசல் சுத்த ஆரம்பிச்சுது. கேமரா ஓடிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு எட்டு மைல் தள்ளிக் கிடைச்சாரு.

நான் லேப்ல இருந்தேன். காலையில பதினோரு மணி, கையுறை போட்டுக்கிட்டு ஏதோ ஒரு பக்திப் படம் வெட்டிக்கிட்டிருந்தேன். எங்க சூப்பர்வைசரம்மா வந்து கத்தரிக்கோலைக் கையிலேருந்து வாங்கினாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அசல் மேஜையில இருக்கும்போது யாரும் யார் கத்தரியையும் வாங்க மாட்டோம்.

பையனுக்கு அப்ப மூணு வயசு. இளவழகன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏகாம்பரம் மாஸ்டர் வந்தாரு. ஸ்டண்ட் மாஸ்டர், ஷூட்டிங்ல கூட இருந்தவர். எல்லாரும் சாப்பிட்டுப் போனப்புறம் என்கிட்ட தனியா வந்து உக்காந்தாரு. அவர் சொன்னதைச் சொல்றேன், எழுதிக்கணும்னா எழுதிக்கோ, ஆனா அது அவர் கட்டின கதை. வெள்ளைக்காரன்கிட்ட அடுத்த படத்துக்கு வேலை வேணும்ல அவருக்கு.

"வேதவல்லி, துரை முதல் டேக்கே போதும்னுட்டார்மா. கேமராவைக் கழட்டச் சொல்லிட்டார். தேசிங்குதான் தண்ணியிலேருந்து கையைக் காட்டி இன்னொண்ணு கேட்டான். ஒரே ஒரு தடவை திரும்பிப் பாக்கறேன்னு கேட்டான்."

எதுக்குன்னு கேட்டேன்.

"நெகட்டிவ் எப்படியும் உன் மேஜைக்குத்தானே வரும். 'வேதா பாத்துடுவா, என் மூஞ்சி முதல்ல அவளுக்குத்தான் தெரியணும்'னு சொன்னான்."

எழுந்து போங்கன்னு சொல்லிட்டேன். காரியத்துக்கு வந்தவரை அப்படிச் சொல்லக் கூடாதுதான். சொன்னேன்.

ஷூட்டிங் கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நான் ஒண்ணு சொன்னேன் அவர்கிட்ட. 'நடிகன் நடிகன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வர்றே, பத்து வருஷமா ஃபிலிம்ல உன் முதுகுதான் பாக்கறேன், இதுலயும் முதுகுதானா'ன்னு. புருஷன் பொண்டாட்டி பேசிக்கறதுதான். சிரிச்சாரு. துணி மடிச்சுக்கிட்டிருந்தேன், சிரிச்சுக்கிட்டே ஒரு சட்டையை வாங்கி மடிச்சாரு. இதையெல்லாம் போய் ஏகாம்பரம்கிட்ட சொல்லியிருப்பாராக்கும். அப்படியே அவரே கேட்டிருந்தாலும் என்ன? சரின்னு தலையாட்டினது யாரு? டைரக்டர் யாரு அங்க? வேணாம்னு சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைத் தமிழ்ல கத்துக்கல அவன்.

ஹாஸ்கெட் வீட்டுக்கு வந்தான். கதவைச் சாத்திட்டேன். எங்க சந்துல வெயில்ல நின்னான், ரெண்டு மணி நேரம் இருக்கும். தெருப் பொம்பளைங்க வேடிக்கை பாத்தாங்க. ஒருத்தி நாற்காலி கொண்டாந்து போட்டா, உக்காரல. டைரக்டர் இல்லையா, எங்க நின்னா நாலு பேர் பாப்பாங்கன்னு தெரியும்.

நாலு மாசம் கழிச்சு பரிசல் படம் லேப்புக்கு வந்துச்சு. எடிட்டர் பாஸ்கர் ராவ். தங்கமான மனுஷன். அவர் சூப்பர்வைசரம்மாகிட்ட இதை வேதவல்லிக்குக் கொடுக்காதீங்க, வேற பொண்ணு வெட்டட்டும்னு சொன்னாரு. நான்தான் வெட்டுவேன்னு நின்னேன். என் புருஷன் படம், நான்தான் வெட்டுவேன். எல்லாரும் என்னைப் பாவமாப் பாத்தாங்க. பக்தின்னு நெனச்சாங்க. எனக்கு அந்தப் படத்துல அவன் என்ன வச்சிருக்கான்னு தெரியணும்.

ஒம்பது ரீல் வெட்டினேன். ஒழுங்கா வெட்டினேன். முதுகு, முதுகு, முதுகு. பத்தாவது ரீல் கடைசியில, பாஸ்கர் ராவ் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நம்பர் ஷீட்டைக் கொடுத்தாரு. அசலை எடுத்து விளக்கு மேல வச்சேன். இருந்துச்சு. ரெண்டாவது டேக். இருபத்திரெண்டு செகண்டு, முப்பத்து மூணு அடி. திரும்பறாரு. சிரிக்கிறாரு. நேரா கேமராவைப் பாத்து. அதுக்கப்புறம் பரிசல் சாயுது.

நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ் இல்லையா. கறுப்பு வெள்ளையாயிடும், வெள்ளை கறுப்பாயிடும். எனக்கு அது பழக்கம், பாத்த உடனே மனசு திருப்பிப் போட்டுக்கும். அன்னைக்குத் திருப்பிப் போட வரல. தலைமுடி வெளுத்து, பல்லு கறுத்து, ஒரு கிழவன் என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. முப்பத்து நாலு வயசு அவருக்கு.

அவன் இதை வச்சிருந்தான், கேட்டுக்கோ. என் புருஷன் சாகப்போற சிரிப்பை வச்சுப் படத்தை முடிச்சிருந்தான். லண்டன்ல உக்காந்து நடிப்பு பிரமாதம்னு கை தட்டுவாங்க. மனசாட்சியாம். அந்த ஷீட்டுல நம்பர் எழுதினப்ப எங்க போச்சு அது?

மத்தியானச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் வெளிய போயிட்டாங்க. கிளாப் அடிச்ச இடத்துலேருந்து கடைசி வரைக்கும் அந்த டேக்கோட நெகட்டிவ் முழுசும் எடுத்தேன். கூட வச்சிருந்த பாசிட்டிவ் பிரதியிலேருந்தும் எடுத்தேன். பாசிட்டிவைப் பிரிச்சுப் பாக்கல, சுருட்டினது சுருட்டினபடி எடுத்துக்கிட்டேன். லேப்புக்குப் பின்னாடி கொட்டாய் ஒண்ணு இருந்துச்சு. கழிச்சுப் போட்ட ஃபிலிமைச் சலவைச் சோடா போட்ட கொதிதண்ணியில முக்குவாங்க. மேல இருக்கறது எல்லாம் கரைஞ்சு இறங்கிடும், வெறும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மிஞ்சும். அண்டா கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. போட்டேன். குச்சியால அழுத்திப் பிடிச்சேன். தண்ணி முதல்ல மஞ்சளாச்சு, அப்புறம் செவப்பு, அப்புறம் சாயத்தண்ணி மாதிரி ஒண்ணுமே சொல்ல முடியாத ஒரு நிறம். பத்து நிமிஷம். அள்ளி வெளிச்சத்துல பிடிச்சேன். அந்தப் பக்கம் முருங்கை மரம் தெரிஞ்சுது.

போய்க் கை கழுவிட்டுச் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்றேன், நாலு மாசத்துல அன்னைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கிச்சு.

மூணாம் நாள் அவன் வந்தான். சும்மா வரல, புரொட்யூசர், லேப் மேனேஜர், பாஸ்கர் ராவ் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்தான். பத்தாவது ரீல் குறையுது, அந்த நெகட்டிவ் எங்கேன்னு மேனேஜர் சத்தம் போட்டாரு. அசலைத் தொலைச்சா வேலை மட்டும் போகாது, போலீஸ் வரைக்கும் போகும். நான் எழுந்து நின்னேன். சொல்லிடணும்னுதான் நின்னேன். வாயைத் திறக்கறதுக்குள்ள ஹாஸ்கெட் என்னைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். மேஜையைப் பாத்தான், மறுபடி என்னைப் பாத்தான். அப்புறம் மேனேஜர்கிட்ட இங்கிலீஷ்ல ஏதோ சொன்னான். பாஸ்கர் ராவ் தமிழ்ல திருப்பிச் சொன்னாரு.

"அந்த ஷாட்டை எடுத்து இந்தம்மாகிட்ட கொடுக்கச் சொன்னது அவர்தானாம். நமக்குச் சொல்ல மறந்துட்டாராம்."

புரொட்யூசருக்கு முகம் மாறிடுச்சு. அங்கேயே சண்டை. நான் நின்னது நின்னபடி நின்னேன். அவன் என்னைத் திரும்பிப் பாக்காம வெளிய போனான்.

பயம். வேற என்ன? நான் வாயைத் திறந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும், செத்தவன் முகத்தை வச்சுப் படம் பண்ணினான்னு. அதுக்குப் பயந்து பூசி மெழுகினான். பாஸ்கர் ராவ் அன்னைக்குச் சாயங்காலம் என்கிட்ட வந்து, உன் வேலையைக் காப்பாத்திக் கொடுத்திருக்காரும்மா, ஒரு வார்த்தை போய் நன்றி சொல்லுன்னாரு. தங்கமான மனுஷன்னு சொன்னேன்ல, கொஞ்சம் விவரம் போதாது.

புரொட்யூசர் வேற ஒரு ஆளைப் பரிசல்ல நிக்க வச்சு அந்தக் காட்சியைத் திரும்ப எடுன்னான். ஹாஸ்கெட் முடியாதுன்னுட்டான். முதல் டேக் இருந்துச்சே, முதுகு, அதையாவது போடுன்னான். அதுவும் மாட்டேன்னுட்டான். அவ்வளவு திமிர். படம் அந்தப் பொண்ணு கரையில நின்னு தண்ணியைப் பாக்கறதோட முடியுது. என்னத்தைப் பாக்கறான்னு யாருக்கும் தெரியாது. நீ பாத்திருப்பே. அதுல ஏதோ அர்த்தம்னு இந்தப் புத்தகத்தை எழுதினவர் நாலு பக்கம் எழுதியிருக்காராமே? அர்த்தம் எல்லாம் கொட்டாய்க்குப் பின்னாடி சாக்கடையில போச்சு.

படம் ஓடல. புரொட்யூசர் பத்திரிகையில அவனைக் கிழிச்சான். சொல்பேச்சு கேக்காத ஆளு, முடிக்கத் தெரியாத ஆளுன்னு பேராயிடுச்சு. அதுக்கப்புறம் முழுநீளப் படம் ஒண்ணு கிடைக்கல. நாப்பத்து மூணு வயசு, இனிமேதான் பெரிய படங்கள் எடுப்பான்னு எழுதிக்கிட்டிருந்தாங்க. டெலிவிஷன்ல துப்பறியற தொடர் எடுத்தான், அதுலயும் பாதியில தூக்கிட்டாங்க. சோப்பு விளம்பரம் எடுத்தான். அப்புறம் ஏதோ காலேஜ்ல பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். ஒவ்வொண்ணா டீச்சரம்மா படிச்சுச் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு குளிர்ந்துச்சு. மறைக்க மாட்டேன். பையனை வச்சுக்கிட்டு ஒத்தையா நின்னவளுக்கு அது ஒரு தெம்பு.

தொண்ணூத்து நாலுல வந்தான் மறுபடி. இங்க ஒரு திரைப்பட விழா. அந்த ரயில் படத்தைப் போட்டு அவனை மேடையில ஏத்தினாங்க. டிக்கெட் வாங்கிப் போனேன். அறுபது வயசு, கூனிட்டான், காது மட்டும் அதே மாதிரி செவப்பு. கூட்டம் கலைஞ்சப்புறம் முன்னாடி போய் நின்னேன். பேரைச் சொல்லல. ஒரே பார்வையில கண்டுபிடிச்சுட்டான். 'வேதா'ன்னான். அப்படிக் கூப்பிட இவன் யாரு? கூட ஒரு காலேஜ் பொண்ணு இருந்துச்சு, அதுதான் பேச்சை மாத்திச் சொல்லிச்சு. பையன் எப்படி இருக்கான்னு கேட்டான். இருக்கான்னு சொன்னேன்.

இங்கிலீஷ்ல ஏதோ கேட்டான். அப்புறம் அந்தப் பொண்ணு சொல்லிச்சு.

"அந்த ஃபிலிமைப் பையனுக்குக் காட்டினீங்களான்னு கேக்கறார்."

குத்திக் காட்டறான்னு நெனச்சேன். நான் அழிச்சுட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டே கேக்கறான்னு. ஆனா அவன் மூஞ்சியைப் பாத்தா, தெரியாது அவனுக்கு. பதினேழு வருஷமா நான் அதைப் பத்திரமா வீட்டுல வச்சிருக்கேன்னே நெனச்சுக்கிட்டிருக்கான். எனக்குன்னு எடுத்துக்கிட்டேன்னு. அதனாலதான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கான் மேனேஜர்கிட்ட. கேனப்பய.

"தினம் பாக்கறான்னு சொல்லு," அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். "அப்பா சிரிக்கிறதைப் பாத்துட்டுத்தான் தூங்குவான்னு சொல்லு."

ஏன் சொன்னேன்னா, அவனுக்கு வலிக்கட்டும்னு. தன் கையில இல்லாதது எங்ககிட்ட இருக்குன்னு வலிக்கட்டும்னு. அந்த ஆளு ரெண்டு கையையும் கூப்பி, அத்தனை பேர் முன்னாடி அழுதான். அந்தக் காலேஜ் பொண்ணும் அழுதுச்சு. நான் அழல. நேரா பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன். பஸ்ல ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தா இளவழகன் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தான். எங்க போயிருந்தேம்மான்னு கேட்டான். கோயிலுக்குன்னு சொன்னேன்.

ரெண்டாயிரத்துப் பதினாறுல செத்தான். அதுக்கு முன்னாடி ஏதோ பேட்டி கொடுத்திருக்கான் போல, நம்ம தமிழ்ப் பேப்பர்ல அதைப் போட்டு இரங்கல் எழுதிட்டாங்க. பரிசல் படத்தோட கடைசிக் காட்சியை நீக்கி அந்த நடிகரோட மனைவிகிட்ட கொடுத்துட்டேன், அது அவங்களுக்குச் சொந்தமானது, நான் எடுத்ததுலயே நல்ல ஷாட் அதுதான், உலகத்துல ரெண்டே பேர் பாக்கறாங்கன்னு சொல்லியிருக்கான். கொடுத்தானாம். யாரு யாருக்குக் கொடுத்தது?

இளவழகன் டிப்போவுல மெக்கானிக். அங்க யாரோ அந்தப் பேப்பரைக் காட்டியிருக்காங்க. அப்பா பேர் போட்டிருக்குன்னு ஓடி வந்தான். "அம்மா, அப்பா முகம் இருக்கற ஃபிலிம் உன்கிட்ட இருக்காமே." அந்தப் படத்தை அவன் அஞ்சாறு தடவை பாத்திருக்கான். முதுகை மட்டும். அவன் நடையும் அதேதான், அது ரத்தம், யாரும் சொல்லிக் கொடுக்கல.

முந்தின டிசம்பர்லதான் வெள்ளம் வந்து கீழ் வீட்டுல கழுத்து மட்டும் தண்ணி நின்னுச்சு. வெள்ளத்துல போச்சுடான்னு சொல்லிட்டேன். பீரோவுக்கு அடியில ஒரு டப்பாவுல வச்சிருந்தேன், போச்சுன்னு. அப்ப ஏன் முன்னாடியே காட்டலன்னு அவன் கேட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்பேன். கேக்கல. அந்த ஞாயித்துக்கிழமை கீழ் வீட்டுல ஒதுக்கிப் போட்ட சாமான் எல்லாத்தையும் இழுத்துப் போட்டுத் தேடினான். சேறு காஞ்சு கல்லாயிருந்துச்சு. லேப்லேருந்து நான் எப்பவோ அரிசி போட்டு வைக்கக் கொண்டாந்த ஃபிலிம் டப்பா நாலஞ்சு இருந்துச்சு. அதுல ஒண்ணுல சேறு இறுகி ஒரு வட்டமா இருந்துச்சு. அதைத் துணியில சுத்தி எடுத்து வச்சுக்கிட்டான். எட்டு வருஷமா வச்சிருக்கான். எவனோ சொல்லியிருக்கான், லண்டன்ல இப்ப மெஷின் வந்திருக்கு, எப்படிக் கெட்ட ஃபிலிமையும் மீட்டுக் கொடுத்துடுவாங்கன்னு.

நேத்து நீ போன் பண்ணினப்ப எடுத்தது அவன்தான். லண்டன்னு சொன்னே பாரு. அதுலேருந்து ஒழுங்கா சாப்பிடல. இன்னைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கான். மூணு மணிக்கு அந்த டப்பாவை எடுத்துக்கிட்டு வருவான், உன்கிட்ட கொடுக்க. இப்ப மணி ரெண்டே முக்கால் ஆகுது.

நீ புத்தகத்துல எழுது. தாராளமா எழுது, என் முழுப் பேரையும் போட்டு எழுது. வேதவல்லிதான் வெட்டினா, அவன் இல்லேன்னு. இளவழகன் இங்கிலீஷ் புத்தகம் படிக்க மாட்டான். ஆனா அவன் வந்து அந்த டப்பாவைக் கொடுத்தா வாங்கிக்கோ. திறந்து பாக்காத, இங்க வச்சுத் திறக்காத. அங்க போய், ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சு, முடியலன்னு ஒரு கடுதாசி போடு. தமிழ்ல போடும்மா.